தவறணையிலிருந்து கூட்டத்துக்கு: மாத்தளை மலையகத்தில் மதுவும் மீட்சியும்

திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையைப் பயில்வோர், அதன் இறுதி இரு குறள்களும் ஒன்றையொன்று நோக்கி நிற்பதைக் காணலாம். குடித்து மயங்கியவனுக்குக் காரணங்காட்டி அறிவு புகட்ட முயல்வது, நீரினுள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவதை ஒக்கும் என்பது முன்னையதன் கருத்து. குடிப்பவன் தான் தெளிந்திருக்கும் வேளையில், மயங்கிக் கிடக்கும் பிறனொருவனைக் காண்பானாயின், தனக்கும் அந்நிலையே நேர்வதை எண்ணிப் பாரானோ என்பது பின்னையதன் வினா. முன்னையது, புறத்தே நின்று கூறும் அறிவுரையின் எல்லையைச் சுட்டுகின்றது. பின்னையது, குடிப்பவன் ஒருவன் தன்னை ஒத்த இன்னொருவனைக் காண்பதனால் விளையக்கூடிய தெளிவைச் சுட்டுகின்றது.

மதுவுக்கு எதிராக மனித சமுதாயம் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாற்றை இவ்விரு கருத்துகளுக்கும் இடைப்பட்ட பயணமாகக் கொள்ளலாம். நெடுங்காலம் விளக்கேந்தித் தேடுவோரே இருந்தனர். குடிப்பவரைக் குடிப்பவர் காணும் ஒழுங்கான கூட்டம் அண்மைக்காலத்திலேயே தோன்றி நிலைபெற்றது. மாத்தளை மாவட்டத்துப் பெருந்தோட்டங்களை மையமாகக் கொண்டு இப்பயணத்தை நோக்குவதும், அத்தகைய கூட்டமொன்றைத் தேடிச் செல்லும் தோட்டத் தொழிலாளி ஒருவர் எதிர்கொள்ளும் தடைகளை வரலாற்றின் துணைகொண்டு விளங்கிக்கொள்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதையும் தவறணையும்

மாத்தளை என்றதும் வரலாற்று மாணவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி. அதே காலப்பகுதியில் மாத்தளை வேறொரு வரலாற்றுக்கும் வாயிலாக அமைந்தது. 1830களிலும் 1840களிலும் கண்டிப் பிரதேசத்து மலைச்சரிவுகளில் கோப்பிச் செய்கை பரவியபோது, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்ட தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியே கால்நடையாகத் தம்புள்ளை, நாலந்தை ஆகிய இடங்களைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். பசியும் வாந்திபேதியும் வழியிற் பலரைப் பலிகொண்டன. எஞ்சியோர் மலைநாட்டிற் கண்ட முதல் நகரம் மாத்தளையாகவே இருந்தது.

இம்மக்கள் வந்து சேர்ந்த நாட்டில் மது, அரசாங்கத்தின் வருமானமாகவும் தனியார் சிலரின் மூலதனமாகவும் ஏற்கெனவே ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தது. ஒல்லாந்தர் காலத்திலிருந்து பிரித்தானியர் தொடர்ந்து பேணிய சாராயக் குத்தகை முறையின் கீழ், ஒரு பிரதேசத்திற் சாராயம் விற்கும் ஏகபோக உரிமை ஏலத்தில் விடப்பட்டது. உரிமையைப் பெற்ற குத்தகைக்காரர் தாம் செலுத்திய பணத்தை ஈடுசெய்து இலாபமும் காணவேண்டியவராயினர். எனவே விற்பனை பெருகுவது குத்தகைக்காரருக்கு இலாபம். அடுத்த ஏலத்தில் தொகை உயர்வதால் அரசுக்கும் அது இலாபம். களுத்துறை, பாணந்துறை முதலிய தென்மேற்குக் கரையோரங்களில் தென்னங்கள்ளிலிருந்து வடிக்கப்பட்ட சாராயம் மலைநாட்டுக்கு ஏற்றிச் செல்லப்பட்டது. கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக அங்கு சந்தையும் பெருகியது. இலங்கை முதலாளித்துவ வர்க்கத்தின் தோற்றத்தை ஆராய்ந்த குமாரி ஜெயவர்த்தன, அவ்வர்க்கத்தின் தொடக்க மூலதனத்திற் பெரும்பங்கு சாராயக் குத்தகையினாற் சேர்ந்தது என்பதை விரிவாகக் காட்டியுள்ளார்.

மலைநாட்டுத் தொழிலாளியின் குடியை அவரது இயல்பான குறையாகக் கருதும் வழக்கம் தோட்டத்துரைமாரின் எழுத்துகளில் மட்டுமன்றி, நம்மவரின் பேச்சிலும் உண்டு. வரலாறு அக்கருத்தை ஆதரிக்கவில்லை. ஊரையும் உறவையும் விட்டு வந்தவர். குளிரிலும் மழையிலும் உழைத்தவர். கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்க்கவியலாதவர். வேறு பொழுதுபோக்கோ கல்வியோ அற்றவர். இத்தகையவர் கையில் காசு வந்த நாளில், அக்காசை எதிர்பார்த்துத் திறந்திருந்த இடம் தவறணை. குடிப்பது தனிமனிதர் எனினும், அவர் குடிக்கும் சூழலைக் கட்டியெழுப்பியது ஒரு பொருளாதார அமைப்பே. 1869இல் காணப்பட்ட இலைநோய் கோப்பிச் செய்கையைப் படிப்படியாக அழித்தது; 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது; கோப்பியின் இடத்தைத் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் பிடித்தன. பயிர்கள் மாறினும் லயமும் தவறணையும் மாறவில்லை.

மதுவிலக்கின் குரல்

இவ்வமைப்புக்கு எதிரான முதலாவது பெரும் குரல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 1904ஆம் ஆண்டிற் சிங்களக் கிராமங்களிற் பரவிய மதுவிலக்கு இயக்கம், 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டத்தை அரசு கொண்டுவந்தபோது மீண்டும் வீறுகொண்டது. பழைய குத்தகை முறையை மாற்றியமைத்த அச்சட்டம், கள்ளுக்கெனத் தனியான தவறணைகளை நாடெங்கும் திறக்க வழிசெய்தமையே எதிர்ப்புக்குக் காரணமாயிற்று. கிராமந்தோறும் கூட்டங்கள் நடந்தன. மக்கள் குடிப்பதில்லையென உறுதி பூண்டனர். எப்.ஆர். சேனாநாயக்க, டி.எஸ். சேனாநாயக்க, டி.பி. ஜயதிலக்க முதலியோர் இவ்வியக்கத்தின் வழியாகவே பொதுவாழ்வில் முன்னணிக்கு வந்தனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அரசு இவர்களைச் சிறையிட்டது. சட்டசபையில் அவ்வடக்குமுறையைக் கண்டித்துப் பேசியவர் பொன்னம்பலம் இராமநாதன். பின்னர், ஊரவர் வாக்களித்துத் தம்மூர்த் தவறணையை மூடச்செய்யும் உரிமை வழங்கப்பட்டது. பல தவறணைகள் அவ்வாறு மூடப்பட்டன.

இவ்வியக்கத்தின் பெறுபேறுகளைக் குறைத்து மதிப்பிடலாகாது. அரசின் வருவாய்க்காக மக்கள் குடிக்கவேண்டியதில்லை என்னும் அரசியல் உண்மையை அது துணிந்து கூறிற்று. ஆயினும் அதற்கு இரு எல்லைகள் இருந்தன. முதலாவது, அது பெரும்பாலும் சிங்கள பௌத்த மறுமலர்ச்சியோடு இணைந்த இயக்கமாக இருந்தமையால், தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் அதன் மேடைக்கு வெளியே நின்றனர். இரண்டாவது, மேடையிற் பேசியவர் குடியாதவர்; கீழே நின்று கேட்டவரிற் பலர் குடியாதவர்; குடித்தவரோ பேசப்படும் பொருளாக மட்டுமே இருந்தார்.

1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள், மலைநாட்டுத் தொழிலாளரிடையே அவர்களது மொழியறிந்தோர் துணையுடன் பேசியபோது குடியைக் கைவிடுமாறு வேண்டினார். தோட்ட மக்களை மனிதராக மதித்து நேர்நின்று கூறிய சொல் அது. எனினும் தலைவர் அன்றே அடுத்த ஊருக்குச் செல்வார். மறுநாள் மாலையிற் கை நடுங்கும்போது தொழிலாளியின் அருகிருக்க எவருமில்லை. தமிழகத்தில் 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அரசு கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டமும் இவ்வாறே நோக்கத்தக்கது. குடும்பங்கள் பல அதனாற் பயனடைந்தன. ஆயினும் அச்சட்டம் சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. பிற்காலத்தில் அதே தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே ஏற்றுக்கொண்டது. சட்டம் கொடுத்ததைச் சட்டமே மீளப்பெறலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடைசெய்தது; 21 வயதுக்குட்பட்டோர்க்கு மது விற்பதையும் தடுத்தது. புதிதாகக் குடிக்கத் தொடங்குவோரைக் குறைப்பதில் இத்தகைய சட்டங்களுக்குச் சிறந்த பங்குண்டு. ஆனால் இருபது ஆண்டுகளாகக் குடிப்பவருக்கு விளம்பரம் தேவையில்லை. தவறணை மூடிய பௌர்ணமி தினத்திற் கசிப்பு விற்பவரின் வாசல் எங்கென்பதும் அவருக்குத் தெரியும். விலை, விற்பனை, வயது ஆகியவற்றைச் சட்டம் கட்டுப்படுத்தலாம். ஏற்கெனவே மூழ்கியவரை மேலே கொணர்வதற்கு வேறொன்று வேண்டும்.

குடித்தவரே கூடிய வரலாறு

அவ்வேறொன்றின் முன்னோடியை 1840ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிற் காண்கிறோம். மதுக்கடையொன்றிற் கூடிக் குடித்துவந்த ஆறு நண்பர்கள், இனிக் குடிப்பதில்லை எனத் தமக்குள் உறுதிசெய்து, வாஷிங்டனின் பெயரால் ஒரு சங்கத்தைத் தொடங்கினர். மதகுருமாரின் சொற்பொழிவுக்குப் பதிலாக, குடித்தவர் எழுந்து தம் கதையைத் தாமே கூறுவது அச்சங்கத்தின் வழக்கமாயிற்று. அது காட்டுத்தீயென நாடெங்கும் பரவியது. 1842 பெப்ரவரி 22ஆம் தேதி ஸ்பிரிங்பீல்ட் நகரில் அச்சங்கத்தினரிடையே பேசிய இளம் வழக்கறிஞர் ஆபிரகாம் லிங்கன், குடிப்பவரைப் பழிப்பதினும் நட்போடு அணுகுவதே பயன்தரும் என எடுத்துரைத்தார். ஆயினும் சில ஆண்டுகளிலேயே அச்சங்கம் தேய்ந்து மறைந்தது. மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா என்பது போன்ற அரசியல் விவாதங்களில் அது சிக்கியமையும், உறுப்பினர் ஒருவர்க்கொருவர் துணைநிற்கும் முதல் நோக்கம் பின்தள்ளப்பட்டமையும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர் அக்கருத்து மீண்டும் உயிர்பெற்றது. 1935 மே மாதம் நியூயோர்க்கைச் சேர்ந்த பில் வில்சன் என்னும் பங்குச்சந்தைத் தொழிலினர், அலுவலொன்றிற்காக ஒகையோ மாநிலத்து அக்ரன் நகருக்குச் சென்றிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. சென்ற அலுவல் தோல்வியுற்றது. தங்கியிருந்த விடுதியின் முகப்பு மண்டபத்தில் நின்ற அவரை, மதுச்சாலையிலிருந்து வந்த ஆரவாரம் ஈர்த்தது. தாம் குடிக்காதிருக்க வேண்டுமாயின் இன்னொரு குடிப்பவரோடு பேசவேண்டும் என்று அவர் உணர்ந்தார். அங்கிருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்தார். முடிவில் ஒரு பெண்மணியின் உதவியால் பொப் ஸ்மித் என்னும் அறுவைச்சிகிச்சை வைத்தியரைச் சந்தித்தார். அவரும் குடியால் அழிந்துகொண்டிருந்தவரே. சில நிமிடங்களே இருப்பதாகக் கூறி வந்த வைத்தியர், மணிக்கணக்காக அமர்ந்து பேசினார். வைத்தியர் இறுதியாகக் குடித்த நாளெனக் கொள்ளப்படும் 1935 யூன் 10ஆம் தேதியே, ‘அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்’ எனப்படும் பெயர் வெளியிடாக் குடிநோயாளர் சங்கத்தின் பிறந்தநாளாகும்.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது யாதெனில், உதவி தேடிச் சென்றவர் நலமாயிருந்தவரே என்பதாகும். வைத்தியருக்கு உபதேசம் செய்யும் நோக்கம் வில்சனுக்கு இருக்கவில்லை. தம்மைக் காத்துக்கொள்ளவே அவர் சென்றார். உதவுபவர், உதவி பெறுபவர் என்னும் ஏற்றத்தாழ்வு அங்கு மறைந்தது. பழைய மேடைகளுக்கும் இக்கூட்டத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

1939இற் சங்கத்தின் நூல் வெளிவந்தது. 1950இற் பன்னிரு மரபுகள் ஏற்கப்பட்டன. வாஷிங்டன் சங்கத்தாரை அழித்த குறைகளுக்கு அம்மரபுகள் மருந்தாக அமைந்தன: அரசியல், மத விவாதங்களிற் பக்கஞ்சாராமை, வெளியாரின் பணத்தை ஏற்காமை, குடியை விடும் விருப்பம் ஒன்றே உறுப்புரிமைக்குத் தகுதியாதல், உறுப்பினர் பெயரைப் பொது அரங்கில் வெளியிடாமை. குடிப்பவரின் மனைவியரும் உறவினரும் தமக்கெனக் கூடும் ‘அல்-அனொன்’ அமைப்பு, வில்சனின் மனைவி லோயிஸ் முயற்சியால் 1951இல் உருவாயிற்று. இந்தியாவில் 1957ஆம் ஆண்டு பம்பாயில் இச்சங்கம் வேரூன்றியது. தமிழகத்தில் இன்று தமிழிலேயே கூட்டங்கள் நடைபெறுகின்றன. இலங்கையிலும் கொழும்பு முதலிய இடங்களிற் குழுக்கள் இயங்குகின்றன.

கூட்டம் நடைபெறும் முறை

கூட்டத்தின் அமைப்பு மிக எளியது. ஓர் அறை, சில நாற்காலிகள், ஒரு தேநீர்ப் பாத்திரம் ஆகியனவே போதும். கட்டணமில்லை, விரும்பியோர் இட்ட சில்லறையிலேயே அறை வாடகை செலுத்தப்படும். பதிவேடில்லை. ஒருவர் கூட்டத்தை நடத்துவார், அவரும் குடித்தவரே. பேச விரும்புபவர் தம் முதற்பெயரை மட்டும் கூறி, தாம் குடிநோயாளர் என்பதை ஏற்றுக்கொண்டு, தமக்கு நேர்ந்ததைக் கூறுவார். இடைமறித்து எவரும் கேள்வி கேட்பதில்லை. புதிதாக வந்தவர் பேசாது கேட்டுக்கொண்டிருக்கலாம். குடியாதவரும் வந்து கேட்கக்கூடிய திறந்த கூட்டங்கள் உண்டு. குடிநோயாளர்க்கு மட்டுமேயான கூட்டங்களும் உண்டு. வாழ்நாள் முழுவதும் குடிப்பதில்லை என்ற பெருஞ்சபதம் அங்கு கேட்கப்படுவதில்லை. இன்றைய ஒரு நாள் குடியாதிருத்தலே குறிக்கோள். முன்பே தெளிந்த ஒருவர் புதியவருக்கு வழித்துணையாவார். குடிக்கத் தூண்டும் வேளையில் அவரை நாடலாம்.

இம்முறையில் இறைவனைப் பற்றிய சொற்கள் வருவதனால் ஐயுறுவோர் உளர். தாம் உணர்ந்தவாறான தெய்வம் என்று அங்கு பொதுப்படக் கூறப்படுவதனால், சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் பௌத்தரும் கலந்து வாழும் மாத்தளைக்கு அது தடையாகாது. இம்முறையின் பயனை ஐயுற்ற ஆய்வாளரும் நெடுநாள் இருந்தனர். 2020ஆம் ஆண்டு கொக்ரேன் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பாய்வு, 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரையும் உள்ளடக்கியது. குடியை முற்றாக விட்டிருத்தல் என்னும் அளவுகோலில், இச்சங்கத்தோடு இணைக்கும் சிகிச்சை ஏனைய உளவியற் சிகிச்சைகளுக்கு இணையானது அல்லது மேலானது என அது முடிவுசெய்தது.

எனினும் கூட்டம் வைத்தியத்துக்கு மாற்றாகாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும், வலிப்பும், சித்தப்பிரமையும் ஏற்படலாம். உயிருக்கே இடர் நேரலாம். ஆகவே முதற் சில நாள்கள் வைத்தியசாலையின் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும். உடல் தெளிந்து வீடு திரும்பிய பின்னரே கூட்டத்தின் பணி பெரிதாகின்றது. ஏனெனில் வைத்தியசாலை சில நாள்களுக்குரியது. தவறணையோ வீட்டுக்குச் செல்லும் பாதையிலேயே நிற்கின்றது.

மாத்தளையில் கூட்டத்தைத் தேடுதல்

இனி, இரத்தோட்டை, கம்மடுவை, கந்தேனுவரை, எல்கடுவை ஆகிய பகுதிகளின் தோட்டமொன்றில் வாழும் தொழிலாளி ஒருவர் குடியை விட விரும்புகிறார் எனக் கொள்வோம். அவர் எங்கே செல்வார்? மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி மாத்தளை நகருக்கு வரவேண்டும். மாவட்ட வைத்தியசாலை அங்குண்டு. அதற்கு அப்பாலான சிகிச்சைக்கு ஏறத்தாழ 26 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கண்டிக்குச் செல்லவேண்டும். 1984ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அபாயகர ஒளடதக் கட்டுப்பாட்டுச் சபை நாட்டின் சில இடங்களில் நடத்தும் சிகிச்சை நிலையங்களுள் ஒன்று கண்டியிலுள்ளது. அதே 1984இல், சுமித்ரயோ அமைப்பு குடிப்பவருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்குமாகத் தொடங்கிய மெல் மெதுர கொழும்பிலுள்ளது. ஒரு நாள் பயணம் என்பது ஒரு நாட் சம்பளத்தின் இழப்பு. அத்தோடு பஸ் கட்டணமும் சேரும். வாரந்தோறும் இவ்விழப்பைத் தாங்கக்கூடிய தொழிலாளர் மிகச் சிலரே.

இரண்டாவது தடை மொழி. வைத்தியரிடம் நோயைச் சில சொற்களிற் கூறிவிடலாம். கூட்டத்திற் கூறப்படுவதோ வாழ்க்கை. மனைவியை அடித்ததையும், பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு வைத்த பணத்தை எடுத்ததையும் இரவல் மொழியிற் கூறவியலாது. தாய்மொழியிற் பேசவியலாத கூட்டம், அவருக்குக் கூட்டமே அன்று.

மூன்றாவது தடையே மிகவும் நுட்பமானது. பெயர் வெளியிடாமை நகரத்திற் பிறந்த ஏற்பாடு. அறிமுகமற்றோர் நடுவே அது எளிதிற் பொருந்தும். சுவரோடு சுவரொட்டிய லயக் காம்பராக்களில் ஒருவரின் இருமல்கூட அடுத்த வீட்டாருக்குக் கேட்கும். யார் குடிக்கிறார் என்பது அனைவருக்கும் தெரியும். எனவே தோட்டத்திற் பெயரை மறைப்பதாற் பயனில்லை எனச் சிலர் வாதிடலாம். ஆனால் லயத்தில் அனைவருக்கும் தெரிந்தது அவர் குடிக்கிறார் என்பதே. அவர் விட விரும்புகிறார் என்பதும், விடமுடியாது தவிக்கிறார் என்பதும் எவருக்கும் தெரியாது. விட முயன்று தோற்றால் ஏளனத்துக்கு ஆளாவோம் என்னும் அச்சத்தால், அவ்விருப்பத்தையே அவர் மறைக்கிறார். ஆகவே தோட்டத்துக் கூட்டம் காக்கவேண்டியது பெயரையன்று, சொல்லை. அங்கு கூறியது துரையின் காதுக்கோ, கணக்கப்பிள்ளையின் காதுக்கோ, தொழிற்சங்கத் தலைவரின் காதுக்கோ, பீலிக்கரையில் நிற்போர் காதுக்கோ எட்டாது என்னும் உறுதி வேண்டும்.

இங்கே முன்னர்க் கண்ட வரலாறு நமக்குப் பாடமாகின்றது. தோட்டத்தில் மருந்தகமும் பிள்ளைமடுவமும் நிருவாகத்தோடு தொடர்புடையன. கோயிற் குழுவிலும் சங்கத்திலும் செல்வாக்குடையோரின் கை உண்டு. இவற்றுள் எதுவும் கூட்டத்தின் உரிமையாளராகிவிடின், வாஷிங்டன் சங்கத்தாருக்கு நேர்ந்ததே இங்கும் நேரும். நிருவாகம் நடத்தினால் அது வேலைக்கு ஒழுங்காக வருவோரைக் கணக்கெடுக்கும் இடமாகும். சங்கம் நடத்தினால் அது ஆட்சேர்க்கும் இடமாகும். அறையை யாரும் கொடுக்கலாம். கூட்டம் மட்டும் குடித்தவர் கையிலேயே இருத்தல் வேண்டும்.

பெண்களைப் பற்றியும் இங்கு கூறாதிருக்கவியலாது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் சம்பளத்தைக் கணவரோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. அவர் உழைப்பு தவறணைக்குச் சென்ற வரலாறு தனியே எழுதப்படவேண்டியது. கணவர் குடியை விட மறுத்தாலும், மனைவியர் தமக்குள் கூடிப் பேசுவதற்குத் தடையில்லை. அல்-அனொன் காட்டும் வழி இதுவே. குடிக்கும் பெண்களும் உளர். இருமடங்கு இழிசொல்லுக்கு அஞ்சும் அவர்கள் ஆண்கள் நிறைந்த அறைக்கு வருவாரென எதிர்பார்த்தல் தகாது. அவர்க்குத் தனிக்கூட்டம் வேண்டும்.

தடைகளைப் போன்றே துணைகளும் மலையக வாழ்விலேயே உள்ளன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவின்போதும், தோட்டத்து அம்மன் விழாக்களின்போதும் காப்புக் கட்டியோர் மதுவையும் புலாலையும் விலக்குகின்றனர். ஆண்டு முழுதும் குடிப்பவர் அந்நாள்களில் எவ்வாறு குடியாதிருக்கிறார்? பக்தி ஒரு காரணம். தன்னைப் போன்றே காப்புக் கட்டிய பலர் தன்னோடு இருப்பது மற்றொரு காரணம். காப்பு அவிழ்த்ததும் அத்துணை கலைந்துவிடுகின்றது. வாரந்தோறும் கூடும் கூட்டம், அத்துணையைக் கலையாது காக்கும் முயற்சியே எனத் தோட்ட மக்களுக்கு எடுத்துரைத்தால், அந்நியமாகத் தோன்றும் ஏற்பாடு அறிமுகமானதாக மாறும்.

தமிழகத்திலும் பின்பற்றத்தக்க முன்மாதிரி ஒன்றுண்டு. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், நகரச் சிகிச்சையோடு நின்றுவிடவில்லை. நகருக்கு வரவியலாத ஏழைக் கிராமத்தவரை நாடிச் சென்று, மஞ்சக்குடி போன்ற ஊர்களில் முகாம் நடத்திற்று. ஊரிலேயே சிகிச்சை, ஊரிலேயே உணவு, முகாம் முடிந்த பின் ஊரவரின் துணை என்பன அதன் சிறப்பியல்புகள். மாத்தளையின் மலைத்தோட்டங்களுக்கு இம்முறை பொருந்தாதிருக்கக் காரணமில்லை.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், குத்தகைக்காரர் குடிப்பவரை வாடிக்கையாளராகக் கண்டார். அரசு வரி செலுத்துபவராகக் கண்டது. மதுவிலக்காளர் திருத்தப்படவேண்டியவராகக் கண்டனர். சட்டம் கட்டுப்படுத்தப்படவேண்டியவராகக் கண்டது. பேசத் தெரிந்தவராக, பிறருக்கு உதவக்கூடியவராக அவரை முதலில் ஏற்றது அவரையொத்தவர் கூடிய அறையே. அவ்வறை மாத்தளைத் தோட்டத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், தமிழிற் பேசும் இடமாக, கூறிய சொல் வெளியேறாத இடமாக அமையவேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.

இதற்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. குடியை விட்டவர் இருவர், அவர்களுக்கு ஓர் அறை, அறிவித்தற்கு ஒரு வழி என்பனவே தொடக்கத்துக்குப் போதும். அக்ரன் நகரிலும் இருவரே இருந்தனர். பல்கலைக்கழக மாணவராகிய நாம் கூட்டத்தை நடத்தத் தகுதியுடையவரல்லர். அது குடித்தவரின் உரிமை. கைந்நூல்களை மலையகத் தமிழில் எளிமையாக எழுதித்தரலாம். எந்த வைத்தியசாலையில் எந்த நாளில் உதவி கிடைக்கும் என்பதைத் தோட்டந்தோறும் அறியத்தரலாம். விடுமுறையில் ஊர் செல்லும்போது, குடிப்பவரைப் பழித்துப் பேசும் நம் வழக்கத்தை நிறுத்தலாம். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை நடந்துவந்த மக்களுக்கு இந்நாடு முதலில் திறந்துவைத்த கதவு தவறணையின் கதவாக இருந்தது. அவர்தம் பேரப்பிள்ளைகள் தட்டுவதற்கு இன்னொரு கதவைக் காட்டுவது, அத்தோட்டங்களின் உழைப்பினால் வளர்ந்த நாட்டின் கடமையும், அவர்களிடையே இருந்து கற்க வந்த நமது கடமையுமாகும்.